உனக்குக் கூலி யாரு தர்றாங்க, கண்ணு?

வா கண்ணு, உக்காரு. புதுசா கார்டு அடிச்சிருக்கியாமே, குடு பாக்கலாம். அடேயப்பா! தங்கக் கலரு எழுத்து. பேருக்குக் கீழ 'வெல்த் கோச்'. அதுக்கும் கீழ 'ஃபைனான்ஷியல் ஃப்ரீடம் மென்டார்'. போன மாசம் வரைக்கும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுல நூறு ரூபாய்க்குச் சில்லறை தேடிக்கிட்டு நின்ன பையன் நீ. அதுக்குள்ள ஊருக்கே விடுதலை வாங்கித் தரக் கெளம்பிட்டியா?

கோவிச்சுக்காதே. நான் தேயிலைத் தோட்டத்துல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன். பஸ்ல விசில் ஊதுற கண்டக்டர் இல்லே, காட்டுல கொழுந்து கணக்குப் பாக்கற கண்டக்டர். பட்டத்தைப் பாத்து ஆளை எடை போடற பழக்கம் எங்களுக்குக் கெடையாது. யாரு பேரு எந்தச் சம்பளப் பட்டியல்ல இருக்குதுன்னு பாப்போம். அது தெரிஞ்சா மீதியெல்லாம் தன்னால தெரிஞ்சுபோகும்.

முந்தியெல்லாம் ஊர்ல இன்சூரன்ஸ் ஏஜெண்டுன்னா ஏஜெண்டுதான். எதுக்கால வந்தா நாம சந்துல பூந்துருவோம். அவரும் கண்டுக்க மாட்டாரு. அடுத்த நாள் வெள்ளெனே வாசல்ல நிப்பாரு. ரெண்டு பக்கமும் ஒளிவுமறைவு இல்லே. இப்ப வர்றவன் எதை விக்கறான்னே தெரிய மாட்டேங்குதே? அப்புறம் எந்தச் சந்துல பூர்றது?

பி.காம். படிச்சிருக்கே. நாலு பேரு பணத்துக்கு வழி சொல்ற உத்தியோகம் பாக்கணுங்கறே. நல்ல சோலிதான், நான் தடுக்கலை. ஆனா இந்தச் சோலியில பட்டம் நூறு இருக்குது, வழி அஞ்சாறுதான் இருக்குது. எதுல கால் வெச்சாலும் முதல்ல ஒண்ணைக் கேட்டுக்கோ. மாசக் கடைசியில உன் கையில காசு வெக்கறவன் யாரு?

நம்ம இலை ஏஜெண்டையே எடுத்துக்கோ. இந்த நீலகிரி மலையில சிறு தேயிலை விவசாயிக 40,000 பேருக்கு மேல இருக்கறாங்க. அரை ஏக்கர், ஒரு ஏக்கர். பறிச்ச கொழுந்தை அவங்களே ஃபேக்டரிக்குத் தூக்கிட்டுப் போக முடியுமா? ஏஜெண்டு வண்டி கொண்டாந்து நிறுத்தறான். சாக்கைத் தராசுல மாட்டறான், ஈரத்துக்குன்னு கழிக்கறான், கொண்டுபோயி இறக்கறான். கமிஷன் ஃபேக்டரிக்காரன் குடுக்கறான். பொண்ணு கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வேணுமா? அதுவும் ஏஜெண்டுதான். கெட்டவன்னு சொல்ல மாட்டேன், அவன் இல்லேன்னா கொழுந்து மேட்டுலயே காஞ்சு போகும். ஆனா எந்த ஃபேக்டரிக்குப் போட்டா எனக்கு நல்லதுன்னு அவன்கிட்டயே கேப்பியா? மாட்டே. குன்னூர் ஏலத்துல என்ன போச்சு, டீ போர்டு இந்த மாசம் கிலோவுக்கு எவ்வளவு அறிவிச்சிருக்குதுன்னு வேற எடத்துலதானே விசாரிப்பே? கொழுந்துக்கு இவ்வளவு வெவரமா இருக்கற ஜனம், கொழுந்து வித்த காசுக்கு மட்டும் கமிஷன்காரன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்குது.

சரி, வழிகளைச் சொல்றேன் கேளு.

இருக்கறதுலயே பழைய வழி இன்சூரன்ஸ். 1956ல 245 கம்பெனிகளையும் சொசைட்டிகளையும் ஒட்டுக்காச் சேத்து எல்.ஐ.சி.ன்னு ஆக்குனாங்க. அதுக்கு ஏஜெண்டு ஆகப் பத்தாவது பாஸ் போதும். 25 மணி நேரம் பயிற்சி, அப்புறம் ஐ.சி.38ன்னு ஒரு பரீட்சை. 50 கேள்வி. 35 சதம் எடுத்தா பாஸு. அதாவது 18 சரியாப் போட்டா, அடுத்தவன் உசுருக்கு நீ கணக்குப் போடலாம்! சிரிக்காதே. இந்தப் பரீட்சை எழுதினவங்கதான் ரோடு இல்லாத எஸ்டேட்டு லைன் வரைக்கும் நடந்து போயி, சேமிப்புன்னா என்னன்னு சொல்லிக்குடுத்தாங்க. புருசன் மரத்துல இருந்து விழுந்து செத்த வீட்டுக்கு, க்ளெய்ம் பேப்பரைத் தானே எழுதிக் கையெழுத்து வாங்கி, குன்னூருக்கும் கோயமுத்தூருக்கும் அலைஞ்ச ஏஜெண்டை நான் பாத்திருக்கேன். அந்த ஆளு கார்டே அடிக்கலை.

அங்க மேல ஏறணும்னா ரெண்டு ஏணி. ஒண்ணு டெவலப்மென்ட் ஆபீசர். சம்பள உத்தியோகம், கீழ ஏஜெண்டுகளை வெச்சு வேலை வாங்கணும். இன்னொண்ணு கிளப்பு. பிராஞ்ச் மேனேஜர் கிளப்புல ஆரம்பிச்சு, டிவிசனல் மேனேஜர் கிளப்பு, ஜோனல் மேனேஜர் கிளப்பு, சேர்மன் கிளப்புன்னு போகுது. அதுக்கும் மேல எம்.டி.ஆர்.டி. நிறைய விக்கற ஏஜெண்டுகளுக்குன்னு 1927ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ங்கற ஊருல ஆரம்பிச்ச சங்கம். எங்க லைன்ல ஒரு அம்மிணி அந்த நாலு எழுத்தை ஒரு ஏஜெண்டோட கார்டுல பாத்துட்டு, பெரிய டாக்டருன்னு நெனச்சு மூட்டு வலியைச் சொல்லிப் போட்டுது. அவரும் பொறுமையாக் கேட்டுட்டு ஒரு பாலிசியைப் போட்டுவிட்டுட்டுப் போயிட்டாரு.

இந்தக் கிளப்பெல்லாம் எதை அளக்குது? எவ்வளவு வித்தேங்கறதை. வாங்கினவனுக்கு அது வேணுமா வேண்டாமாங்கறதை அளக்க ஒரு கிளப்பும் கெடையாது. நீண்ட காலப் பாலிசிகளுக்கு ரொம்ப வருசமா முதல் வருசப் பிரீமியத்துல 25 சதம் கமிஷன், அதுக்கு மேல போனஸ் கமிஷன்னு போயிட்டிருந்துச்சு. ஆனா சும்மா டெர்ம் பாலிசி இருக்குதே, செத்தா மட்டும் காசு வர்றது, அதுக்குப் பிரீமியமே கொஞ்சூண்டு. கொஞ்சூண்டுல கால்வாசி எவ்வளவு? பஸ் செலவு. சின்னக் கொழந்தைக வெச்சிருக்கற குடும்பத்துக்கு முதல்ல வேண்டியது அதுதான். உனக்கு எத்தனை பேரு அதைப் பத்திச் சொல்லியிருக்கறாங்க? விரலை மடக்கிச் சொல்லு. விரல் மடங்காதே!

கமிஷன் போற பக்கந்தான் வாயும் போகும்ங்கறதுக்கு இன்னும் சாட்சி வேணுமா? 2011 டிசம்பர்ல பி.பி.எஃப்.க்கு ஏஜெண்டு கமிஷனை கவர்மென்டு நிறுத்திப் போட்டுது. அதுக்கப்புறம் எந்த ஏஜெண்டாவது வீடேறி வந்து 'பி.பி.எஃப். போடுங்க'ன்னு சொன்னானா? திட்டம் அப்படியேதான் இருக்குது, கெட்டுப் போகலை. அதுக்கு ரெண்டு வருசம் முந்தி, 2009 ஆகஸ்டுல, மியூச்சுவல் ஃபண்டுல நுழையறப்பவே புடிச்ச காசை, சந்தையைக் கண்காணிக்கற செபி எடுத்துப் போட்டுது. அந்த நிமிசத்துல இருந்து ஃபண்டு வித்தவங்க நிறையப் பேரு கமிஷன் நின்னு போகாத யூலிப் இன்சூரன்ஸ் பாலிசியோட மகிமையை உணர்ந்துட்டாங்க. ஒரே ராத்திரியில இப்படி ஞானம் வர்றது புத்தருக்கு அப்புறம் இவங்களுக்குத்தான்.

போஸ்ட் ஆபீசுல பெண்களுக்குன்னே ஒரு ஏஜெண்டு வேலை இருக்குது. மகளிர் சிறுசேமிப்பு முகவர். வீடு வீடாப் போயி ஆர்.டி. பணம் வாங்கிக் கட்டணும். 4 சதம் கமிஷன். இதுல எவளும் கோச்சு, மென்டாருன்னு போட்டுக்கறதில்லே. சம்பளத்தன்னைக்கு லைன் வாசல்ல வந்து நின்னு, சாராயக்கடைக்குப் போறதுக்கு முந்தி அந்தக் காசை மடக்கின அம்மிணிக இருக்கறாங்களே, இந்த மலையில நெசமான நிதி ஆலோசகர் யாருன்னு கேட்டா நான் அவங்களைத்தான் காட்டுவேன். ஆனா உன் கூட்டாளிக அதை உத்தியோகமாவே மதிக்க மாட்டாங்க. ஏ.சி. இல்லையே!

ஏ.சி. வேணுமா? அப்ப பேங்குக்குப் போ. எம்.பி.ஏ. முடிச்சா ரிலேசன்ஷிப் மேனேஜர். கழுத்துல பட்டை, கையில டேப்லெட்டு. ரெண்டு வருசத்துல சீனியர், அப்புறம் கிளஸ்டர் ஹெட்டு, அப்புறம் வைஸ் பிரசிடென்ட். நாட்டுக்கே ஒரு துணைக் குடியரசுத் தலைவரை வெச்சுத்தான் ஓட்டறோம். தனியார் பேங்குல மாடிக்கு நாலு பேரு இருக்கறாங்க. சம்பளம் மாசா மாசம் வருது, பொய் சொல்லலை. ஆனா கூடவே டார்கெட்டும் வருது. இந்தக் காலாண்டுல இத்தனை இன்சூரன்ஸ், இத்தனை ஃபண்டு. வெலிங்டன்ல பென்சன் வாங்கற பழைய சுபேதார், ஃபிக்ஸட் டெபாசிட் புதுப்பிக்க வர்றாரு. எழுபது வயசு. அவரு கையில பதினஞ்சு வருசப் பாலிசியைத் திணிச்சு அனுப்பினா உனக்கு டார்கெட்டு முடியும். அவருக்கு எது முடியும்? ராத்திரி படுக்கறப்ப இந்தக் கணக்கு உனக்கு ஞாபகம் வரும். வரலைன்னா நீ சீக்கிரமே வைஸ் பிரசிடென்ட் ஆயிருவே.

அடுத்தது ஃபண்டு விக்கற வழி. இதுதான் இப்ப மலையில ஜாஸ்தி. என்.ஐ.எஸ்.எம். நடத்தற ஃபைவ்-ஏ பரீட்சை, 100 கேள்வி, ரெண்டு மணி நேரம், 50 வாங்கினா போதும். அப்புறம் ஃபண்டு கம்பெனிக சங்கமான ஆம்ஃபியில பதிஞ்சு ஏ.ஆர்.என். நம்பர் வாங்கணும். மூணு வருசத்துக்கு ஒருக்காப் புதுப்பிக்கணும். ரிட்டயர் ஆன வாத்தியாரு, போஸ்ட் ஆபீஸ் ஏஜெண்டு மாதிரி ஆளுகளுக்குன்னு 2012ல செபி ஒரு சின்ன வாசலே திறந்து விட்டுச்சு, அதுக்கு ஃபைவ்-பின்னு லேசான பரீட்சை.

இங்கதான் உன் கார்டு சமாச்சாரம் வருது. 2020லயே செபி சொல்லிப் போட்டுது. ஆலோசகரா பதிவு பண்ணாதவன் 'வெல்த் அட்வைஸர்', 'இண்டிபெண்டென்ட் ஃபைனான்ஷியல் அட்வைஸர்'னெல்லாம் பேரு வெச்சுக்கப்படாது. ஃபண்டு விக்கறவன் 'மியூச்சுவல் ஃபண்டு டிஸ்ட்ரிபியூட்டர்'னு பளிச்சுன்னு போட்டுக்கணும். நம்ம ஆளுக விட்டாங்களா? அட்வைஸருன்னு போடத்தானே கூடாது? கோச்சு, மென்டார், ஆர்க்கிடெக்ட், கேட்டலிஸ்ட். கொத்தனாருக்கும் கொல்லனுக்கும் மிச்சம் வெச்சதே பெருசு. டிஸ்ட்ரிபியூட்டருன்னா என்ன கேவலம்? பாலு ஊத்தறவன் பால்காரன்னுதானே சொல்லிக்கறான்?

வருமானத்தைப் பாரு. 2018 அக்டோபர்ல இருந்து முன்கூட்டியே கமிஷன் வாங்கறது அநேகமா இல்லே. பணம் ஃபண்டுல கெடக்கற வரைக்கும் வருசா வருசம் ஒரு சின்னப் பங்கு வரும். ட்ரெய்ல் கமிஷன்ங்கறாங்க. முக்கால் சதம்னு வெச்சுக்கோ. நீ நூறு குடும்பத்தைப் புடிச்சு மாசம் 2,000 எஸ்.ஐ.பி. போட வெச்சா, வருச முடிவுல 24 லட்சம் சேரும். அதுல முக்கால் சதம் 18,000. மாசத்துக்கு 1,500. கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் பஸ்ல போயிட்டு வர்றதுக்குக் காணுமா? மாசம் 31,000 பாக்கணும்னா 5 கோடி ரூபா உன் மூலமா ஃபண்டுல கெடக்கணும். 5 கோடி! ரெண்டு மூணு வருசத்துல முடியற காரியமா? ஊட்டுல கொஞ்சம் தேயிலையோ, பொண்டாட்டிக்கு உத்தியோகமோ இருக்கறவன்தான் தாக்குப் புடிப்பான். 'ஆறே மாசத்துல ஆறு இலக்க வருமானம்'னு உனக்கு ஒருத்தன் வகுப்பு எடுத்தானாமே, அந்த ஆறு இலக்கம் அவனுக்கு வந்தது. நீ கட்டின ஃபீஸ்ல இருந்து.

கடைசி வழி, கரடு. செபியில பதிவு பண்ணின முதலீட்டு ஆலோசகர். 2013ல இதுக்குன்னு விதி போட்டாங்க. எந்தக் கம்பெனிகிட்டயும் கமிஷன் வாங்கப்படாது. யோசனை கேக்கறவன்தான் காசு தரணும். டென்-ஏ, டென்-பின்னு ரெண்டு பரீட்சை. 60 சதம் எடுக்கணும், தப்பாப் போட்டா மார்க்குல கால்வாசியைக் கழிச்சுக்குவாங்க. அடிச்சு விட்டுப் பாஸ் பண்றது இங்க நடக்காது. முந்தி முதுகலைப் பட்டம் வேணும், அஞ்சு வருச அனுபவம் வேணும், சொத்து இத்தனை வேணும்னு வாசலை அடைச்சு வெச்சிருந்தாங்க. 2024 டிசம்பர்ல தளத்திட்டாங்க. டிகிரி போதும், அனுபவம் வேண்டாம். 150 வாடிக்கையாளர் வரைக்கும் ஒரு லட்ச ரூபா டெபாசிட் கட்டினாப் போதும். வேற உத்தியோகம் பாத்துக்கிட்டே பகுதி நேரமாவும் செய்யலாம், 75 பேருக்கு மேல சேக்கப்படாது. ஒரு குடும்பத்துக்கிட்ட வருசத்துக்கு 1,51,000 ரூபா வரைக்கும் நிலையான கட்டணம் வாங்க அனுமதி உண்டு.

குன்னூர் பெட்ஃபோர்டுல ஒரு வீடேறிப் போயி ஒன்றரை லட்சம் கேட்டுப் பாரேன்! முதல் டீ வரும். ரெண்டாவது வராது.

இத்தனை கோடி ஜனம் இருக்கற நாட்டுல இப்படிப் பதிவு பண்ணின ஆலோசகர்க ஆயிரம் பேருக்குப் பக்கத்துலதான் இருக்கறாங்க. ஏன்? நம்ம ஜனத்துக்கு டாக்டருக்கு ஃபீஸ் குடுக்கத் தெரியும், வக்கீலுக்கு நெலத்தை வித்தாவது குடுக்கத் தெரியும். பணத்தைப் பத்தி யோசனைன்னா மச்சான்கிட்டக் கேக்கறதுதானே, அதுக்கு எதுக்குக் காசுன்னு பாக்கும். மச்சானோ, பெருந்துறைப் பக்கம் ஈமுக்கோழிக் கம்பெனியில போட்டு ஏமாந்துட்டு 2012ல இருந்து தலையைச் சொறிஞ்சிட்டிருக்கறான்.

இப்ப நான் ஒரு கணக்குச் சொல்றேன், மனசுல எழுதிக்கோ. நீ ஆலோசகராகி, 75 குடும்பத்துக்கிட்ட வருசம் 5,000 வாங்குறே. மொத்தம் 3,75,000. அந்தப் பக்கம் டிஸ்ட்ரிபியூட்டரா 5 கோடி வெச்சிருக்கறவனுக்கு முக்கால் சதம் எவ்வளவு? அதே 3,75,000! ரெண்டும் ஜனத்தோட காசுதான். 5,000 ரூபா ஃபீஸான்னு உன்கிட்டச் சண்டைக்கு வர்ற கவுண்டரு, ஏஜெண்டு வழியா ரெகுலர் ஃபண்டுல ஏழு லட்சம் வெச்சிருந்தாருன்னா, அதுல இருந்து வருசம் 5,250 கமிஷனாப் போயிட்டுத்தான் இருக்குது. அவரு கண்ணுக்குத் தெரியலை, அவ்வளவுதான். 2013 ஜனவரியில இருந்து கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான்னு ஒண்ணு எல்லா ஃபண்டுலயும் இருக்குது. அதைச் சொன்னா ஏஜெண்டுக்குக் காசில்லே. சொல்றதுக்குன்னு காசு வாங்கறவனை வீட்டுக்குள்ள விடறதில்லே. இப்படியொரு முடிச்சு.

அதுக்காக ஃபீஸ் வாங்கறவன் எல்லாம் உத்தமன்னு நெனச்சுப் போடாதே. ஆஸ்திரேலியாவுல 2018ல அரசு விசாரணைக் கமிஷன் உக்காந்துச்சு. ஒரு பெரிய பேங்கு, செத்துப் போனவங்க கணக்குல இருந்தும் ஆலோசனைக் கட்டணம் எடுத்துக்கிட்டிருந்தது அம்பலமாச்சு. சமாதிக்குப் போயி என்ன யோசனை சொன்னாங்களோ! அந்த விசாரணைக்கு அப்புறம் அங்க பரீட்சையும் படிப்பும் கெடுபிடியாக, ஆலோசகர்க கூட்டம் பாதிக்குக் கொஞ்சம் மேலேங்கற அளவுக்குச் சுருங்கிப் போச்சு. ஆக, காசு எவன் தந்தாலும் வேலை செஞ்சுதான் வாங்கணும். இதைக் கண்டுபிடிக்க அந்த நாட்டுக்கு ஒரு நீதிபதி தேவைப்பட்டாரு.

சி.எஃப்.பி., அதான் சர்ட்டிஃபைடு ஃபைனான்ஷியல் பிளானர், படிக்கட்டுமான்னு கேக்கறியா? படி. அதோட கதை தெரியுமா? 1969 டிசம்பர்ல சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்துல ஒரு ஓட்டல்ல 13 பேரு கூடினாங்க. விக்கறதை மட்டுமே பொழைப்பா வெச்சிருந்தா மதிப்பு வராது, குடும்பத்தோட முழுக் கணக்கையும் பாக்கற ஒரு தொழிலாக்கணும்னு பேசினாங்க. அதுல இருந்து வந்த பட்டம். நம்ம நாட்டுல எஃப்.பி.எஸ்.பி.ங்கற அமைப்பு நடத்துது. முதலீடு, ஓய்வுக்காலமும் வரியும், காப்பீடும் வாரிசுச் சொத்தும்னு பாகம் பாகமா எழுதி, கடைசியில ஒரு குடும்பத்தோட கதையைக் குடுத்துத் திட்டம் போடச் சொல்வாங்க. நல்ல படிப்பு. படிச்சுப்போட்டுச் சென்னையிலயோ பெங்களூருலயோ ஒரு ஆலோசனைக் கம்பெனியில பாராபிளானரா உக்காரலாம். பெரிய ஆலோசகர் பேசறதைக் கேட்டு, கணக்குப் போட்டு, அறிக்கை எழுதித் தர்ற வேலை. வெளிச்சம் அவரு மேல விழும், கண்ணு எரியறது உனக்கு. ஆனா தொழில் கத்துக்க அதைவிட நல்ல எடம் இல்லே. உன் வயசுக்கு நான் சொல்றது அதுதான். ரெண்டு வருசம் இன்னொருத்தன் மேசைக்குப் பின்னால உக்காரு.

யூடியூப்பா? அது வழியில சேர்த்தியே இல்லே கண்ணு. பங்குச் சந்தை 'கல்வி' குடுக்கறவங்க கடைசி மூணு மாசத்து வெலையை வெச்சுப் பேசப்படாதுன்னு 2025 ஜனவரியில செபி சொல்லிப் போட்டுது. அன்னைல இருந்து பாதிப் பேருக்குச் சொல்றதுக்கு விசயமே இல்லாமப் போச்சு. அப்ப அதுக்கு முன்னாடி சொன்னது என்ன கல்வி?

பரீட்சையே இல்லாத ஏஜெண்டு வேலையும் உண்டு, தெரியும்ல? ஆருத்ரான்னு ஒண்ணு வந்துச்சே, மாசம் 25, 30 சதம் வட்டின்னு. ஒரு லட்சம் பேரு வரைக்கும், 2,400 கோடிக்கு மேலன்னு போலீஸ் கணக்கு. அத்தனை பணமும் ஆகாசத்துல இருந்தா வந்து விழுந்துச்சு? தெருவுக்கு ஒரு ஏஜெண்டு. சித்தப்பன், அத்தை, கூடப் படிச்சவன். கமிஷன் கேட்டா உனக்கு மயக்கம் வரும். அப்புறம் சொந்தக்காரன் மூஞ்சியில முழிக்க முடியாம ஊரை விட்டுப் போனவங்க எத்தனை பேரு!

சரி, பரீட்சையெல்லாம் பாஸ் பண்ணிட்டே. மலைக்குத் திரும்பி வர்றேன்னு வெச்சுக்கோ. இங்க இருக்கற பணம் புஸ்தகத்துல இருக்கற பணம் இல்லே. புஸ்தகத்துல எல்லாருக்கும் ஒண்ணாந் தேதி சம்பளம். சிறு விவசாயிக்கு இந்த மாசம் போட்ட கொழுந்துக்கு அடுத்த மாசந்தான் காசு. அதுவும் பத்தாந் தேதியா, இருவதாந் தேதியான்னு ஃபேக்டரியைப் பொறுத்தது. நீ அஞ்சாந் தேதி எஸ்.ஐ.பி. போட்டு வெச்சா, கணக்குல பணம் இருக்காது, பேங்குக்காரன் அபராதம் புடிப்பான். அவரு உன்னைத் திட்டிட்டு ஃபண்டையே மூடிருவாரு. தேதியைத் தள்ளி வெக்கறதுக்கு என்ன பட்டம் வேணும்? ஜனவரியில உறைபனி விழுந்தா கொழுந்தே இருக்காது. அந்த ரெண்டு மாசத்துக்குக் கட்டாம விடலாம்னு முன்கூட்டியே சொல்லி வெச்சியா? கேத்தி பாலாடாவுல கேரட்டு போடறவனுக்கு மேட்டுப்பாளையம் மண்டியில வெலை ஏறினா ஒரே நாள்ல லட்சம் வரும். வெலை விழுந்தா மூட்டைக் கூலிக்குக் கைக்காசு போகும். அவன்கிட்டப் போயி 'மாதாந்திர ஒழுக்கம்'னு பிரசங்கம் பண்ணினா மண்வெட்டியால பதில் சொல்லுவான்.

எஸ்டேட்டுக்காரங்க கதை வேற. நான் கூட இருந்து பாத்தது. ரிட்டயர் ஆனா பி.எஃப்பும் கிராஜுட்டியும் வரும். வருசத்துக்குப் பதினஞ்சு நாள் கூலிக் கணக்கு. வாழ்நாள்லயே பெரிய தொகை. அதே நாள்ல லைன் வீட்டைக் காலி பண்ணுன்னும் கடுதாசி வரும். முப்பது, நாப்பது வருசம் இருந்த வீடு. மகன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வாடகைக்கு இருப்பான். இவங்களுக்குச் சொந்த ஊருங்கறது தாத்தன் காலத்துப் பேரு மட்டும். இந்தக் குடும்பத்துக்கு ஈக்விட்டி எத்தனை சதம், டெட் எத்தனை சதம்னு வட்டப் படம் போட்டுக் காட்டுவியா? முதல்ல எங்க படுப்பாங்கன்னு கேக்க மாட்டியா? பணம் வர்றதுக்குப் பத்து வருசம் முந்தியே ஒருத்தன் அவங்களை உக்கார வெச்சு, மூணு சென்ட் எடம் எங்க வாங்கறது, எவ்வளவு சேக்கறதுன்னு பேசியிருந்தா, அவனை நான் ஆலோசகருன்னு கும்பிடுவேன். ஊட்டி ஃபிலிம் ஃபேக்டரியில வி.ஆர்.எஸ். குடுத்த காலத்துல, பணம் வர்றதுக்கு முந்தியே வீட்டு வாசல்ல ஏஜெண்டுக செருப்பு வரிசை கட்டுச்சு. ஒரு செருப்புக்காரனும் பத்து வருசம் முந்தி வரலை.

அதனால நீ என்ன பண்ணு, இந்த வருசம் ஃபைவ்-ஏ எழுதாதே. நேரா டென்-ஏவுக்குப் படி. உனக்குக் கணக்கு வரும், உங்கம்மா சீட்டுக் கணக்கை நீதானே எழுதறே? கீழ இறங்கி ஒரு நல்ல ஆளுகிட்ட ரெண்டு வருசம் வேலை பாரு. திரும்பி வந்து, பகுதி நேரமா, 75 குடும்பம். டீச்சருக, அருவங்காடு கார்டைட் ஃபேக்டரி ஆளுக, வெலிங்டன் பென்சன்காரங்க இவங்ககிட்ட ஆரம்பி. மாசச் சம்பளம் வாங்கறவங்களுக்கு ஃபீஸ் குடுக்கக் கொஞ்சம் மனசு வரும். விவசாயிகிட்ட அப்புறம் போ. ஒருத்தனுக்கு அபராதம் மிச்சம் பண்ணிக் குடுத்தீன்னா அடுத்த நோம்பிக்குள்ள ஊரே உன் வாசல்ல நிக்கும். கூடவே ஏஜெண்டு வேலையும் பாத்துக்கறேன்னு மட்டும் ஆசைப்படாதே, தனி ஆளு ஆலோசகரா இருந்துக்கிட்டு ஃபண்டு விக்க விதியில எடமில்லே. கமிஷனா, ஃபீஸான்னு ஒண்ணைத் தொட்டுக்கோ.

அப்புறம், சனிக்கெழமை பொழுதோட ஊட்டுப் பக்கம் வந்துட்டுப் போ. சீனியர் சிட்டிசன் டெபாசிட் ஒண்ணு அடுத்த மாசம் முடியுது. பேங்குப் பையன் தினம் போன் போட்டு 'அப்பா, அப்பா'ங்கறான். நான் பெத்தவன்கூட அவ்வளவு பாசமாக் கூப்பிட்டதில்லே. அந்தப் பேப்பரைக் கொஞ்சம் பாத்துச் சொல்லு. ஃபீஸ் எவ்வளவுன்னு முதல்லயே சொல்லிரு. என்னது, 2,000 ரூபாயா? ஏங்கண்ணு, உன்னைத் தூக்கி வளத்தவன்டா நானு! 1,500க்கு முடிச்சுக்கோ. டீ ரெண்டு வாட்டி தர்றேன்.